டீச்சரின் மூக்கு

முதலில் மூன்று கேள்வி கேட்பார். பேர் என்ன, வீடு எங்கே, வீட்டுக்காரர் என்ன வேலை. பதிலை நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு, கையை நீட்டச் சொல்வார். உள்ளங்கை மேலே தெரியும்படி இரண்டு கையையும் நீட்ட வேண்டும். குனிந்து, மூக்கு நம் கையில் பட்டுவிடுமோ என்று கூசுகிற அளவுக்குக் கிட்டே வந்து, சின்னச் சின்னதாக மூன்று தடவை இழுப்பார். அவர் மூச்சு ஈரமாக உள்ளங்கையில் படும். நிமிர்ந்து ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகு தீர்ப்பு. "மாவு பிசை" என்றால் அந்தப் பெண் தேறிவிட்டாள். "நீ பாத்திரம் எடுத்து வை" என்றால் அவள் கையில் ஏதோ இருக்கிறது.

"நாக்கை ஏமாத்திடலாம்மா. என் மூக்கை ஏமாத்த முடியாது" என்பார். வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

தாம்பரத்தில் எங்கள் காலனி மாதர் சங்கத்தில் சனிக்கிழமை மாலைகளில் சமையல் வகுப்பு எடுத்தவர் அவர். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் வேலை பார்த்ததில்லை. கணவர் ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே பல ஊர்களில் இருந்தபோது வெள்ளைக்காரக் குடும்பங்களோடு பழகி, கேக்கும் பஃப்ஸும் கட்லட்டும் செய்யக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அறுபதை நெருங்கிய வயது. வெளிர் நிறத்தில்தான் புடவை கட்டுவார். அதன்மேல் கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன். அதில் ஒரு சொட்டு மஞ்சள் கறையை நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பாரிமுனையில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் மாலையில் திரும்புவேன். டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக என்னைச் சங்கத்தின் துணைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். டீச்சர் சொல்லச் சொல்ல நான் சமையல் குறிப்பை எழுதிக்கொள்வேன். பிறகு ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் செய்து, வகுப்புக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். அதனால் அவர் பக்கத்திலேயே நிற்கும் பேறு எனக்குக் கிடைத்தது. இன்று அதைப் பேறு என்று எழுதும்போதே வாயில் ஏதோ கசக்கிறது.

அரிசி சரியாகக் கிடைக்காமல் ரேஷனில் கோதுமையைப் போட்ட வருடங்கள் அவை. கோதுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று காலனியில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கஞ்சியாகக் காய்ச்சி, அதைக் குழந்தைகள் தொடாமல் தள்ளிவிட, நாங்களே குடித்துத் தீர்ப்போம். டீச்சர் வந்தபிறகுதான் அந்தக் கோதுமை சப்பாத்தியாயிற்று, ரவையாயிற்று, கேக்காகவும் ஆயிற்று. அலுமினியப் பாத்திரத்தில் மணலைப் பரப்பி, அதற்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, ஸ்டவ்வில் அவர் கேக் செய்து காட்டிய அன்று நாங்கள் கை தட்டினோம். அவருக்குக் கைவாகு இருந்தது. அதை மறைத்தால் நான் பொய் சொன்னவளாவேன்.

அவர் சமைப்பதைப் பார்ப்பதே தனி அனுபவம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொள்வார். வெங்காயம் இத்தனை நிமிடம், மசாலா இத்தனை நிமிடம். "எண்ணெயைக் கேளுங்க, அது சொல்லும்" என்று வாணலிப் பக்கம் காதைச் சாய்ப்பார். உப்பை ஸ்பூனால் அளந்து, கத்தியால் தலை தட்டிப் போடுவார். ருசி மட்டும் பார்க்கமாட்டார். யாரையாவது கூப்பிட்டுக் கையில் ஒரு சொட்டு விட்டு, "நீ சொல்லு, எப்படியிருக்கு?" என்று கேட்டுவிட்டு அந்த முகத்தையே உற்றுப் பார்ப்பார். எங்களை மதித்துக் கேட்கிறார் என்று நாங்கள் பூரித்துப்போவோம்.

ஒரு சனிக்கிழமை சங்கத் தலைவி தாமதமாக வந்தார். டாக்டர் மனைவி. வீட்டில் வஞ்சிர மீனைக் கழுவித் துண்டு போட்டுவிட்டு அவசரமாக வந்திருக்கிறார். இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே குப்பென்று அடித்தது. வேடிக்கையாகக் கையை நீட்டி, "எனக்கும் பாருங்க டீச்சர்" என்றார். டீச்சர் குனிந்து மூன்று தடவை இழுத்தார். கண்ணை மூடினார்.

"ரோஸ் வாட்டர்" என்றார்.

தலைவி முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. பெரிய மனுஷியின் மனம் நோகக் கூடாது என்று மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மரியாதையை ரசிக்கவும் செய்தேன்.

மரகதம் வகுப்பில் சேர்ந்தது அதற்கடுத்த மாதம். குரோம்பேட்டையிலிருந்து வருவாள். முப்பது வயதிருக்கும். ஸ்டேஷன் வாசலில் பலகாரக் கடை போட வேண்டும் என்பது அவள் எண்ணம். பொங்கலை ஒட்டிச் சங்கம் நடத்துகிற உணவுத் திருவிழாவில் ஒரு ஸ்டால் போட்டு, சங்கத்தின் சர்ட்டிபிகேட்டும் வாங்கிவிட்டால், கடைக்கு இடம் கேட்டுப் போகும்போது கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"வீட்டுக்காரர் என்ன வேலை?" என்று டீச்சர் கேட்டார்.

"தோல் கம்பெனில டீச்சர்."

டீச்சர் அதை எழுதிக்கொண்டார். மரகதம் கையை நீட்டினாள். தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்த கைகள். டீச்சர் குனிந்தார். ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு, சட்டென்று ஓரடி பின்னால் போய்க் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"தோல்" என்றார். "எத்தனை தடவை கழுவினாலும் இது போகாதும்மா. உன்மேல தப்பில்ல. நீ பாத்திரம் எடுத்து வை. மாவு, கறி எதையும் தொடாதே."

பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பெண்கள் நகர்ந்து நின்றார்கள். அவர்களும் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார்கள்.

வகுப்பு முடிந்ததும் மரகதம் என்னிடம் வந்தாள். "அக்கா, கம்பெனில வேலை செய்யறது எங்க வூட்டுக்காரரு. நான் அந்தாண்ட போனதுகூட இல்ல. எலுமிச்சம்பழம் தேச்சிக் கழுவிக்கினுதான் வந்தேன். நீங்க மோந்து பாருங்களேன்."

"நேரமாச்சும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று ஸ்டென்சில் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பார்த்திருந்தால் ஏதாவது சொல்ல வேண்டிவந்திருக்கும்.

ஆனால் அவள் வருவதை நிறுத்தவில்லை. வாராவாரம் வந்து பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டே தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் வாழையிலையில் சுற்றி நான்கு பஃப்ஸ் கொண்டுவந்தாள். டீச்சர் கையால் செய்ததைவிட மடிப்பு மடிப்பாக உதிர்ந்தது. நான் ஒன்று சாப்பிட்டேன். டீச்சர் தன் பங்கை இரண்டு விரலால் தூக்கி, எல்லோரும் பார்க்கக் குப்பைக்கூடையில் போட்டார். "பண்டம் நல்லாத்தான் பண்ணியிருக்கா. வாடைதான்" என்றார். வருத்தப்படுகிறவர் மாதிரி தலையை ஆட்டினார்.

அந்த வருடத் திருவிழா மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. ஷாமியானா, சுற்றிலும் ஸ்டால்கள், நடுவில் செய்முறை விளக்கத்துக்கு மேடை. பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு பெரிய நிலைக்கண்ணாடியை மேஜைக்கு மேலே சாய்வாகத் தொங்கவிட்டிருந்தோம். டீச்சர் அன்று செய்து காட்டப்போவது கோதுமை ரவையும் கொத்துக்கறியும் சேர்த்த கட்லட். கறியை முதல் நாள் சாயங்காலமே வாங்கி, மூடி போட்ட பித்தளைத் தூக்கில் பள்ளி ஸ்டோர் ரூமில் வைத்திருந்தார்கள். "பனி கொட்டுது. ஒண்ணும் ஆகாது" என்றார் டீச்சர்.

காலை பத்து மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் ஒரு மணிக்கு வந்தார். அதற்குள் வெயில் ஏறி, ஷாமியானாவுக்குள் புழுங்கித் தள்ளியது. கறித் தூக்கு காலையிலேயே மேடைக்குப் பின்னால் வந்துவிட்டது. யாரும் அதைத் திறக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் பாத்திரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மரகதம்தான் மூடியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே தூக்கை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

"டீச்சர், கறி கெட்டுப்போச்சு. வாட வருது" என்றாள் மெதுவாக.

முன்வரிசையில் விருந்தினர் உட்கார்ந்திருந்தார். டீச்சர் தூக்கை வாங்கினார். கூட்டம் பார்க்க, முகத்தை அதற்குள் கிட்டத்தட்ட நுழைத்து, மூன்று தடவை இழுத்தார். நான் பக்கத்தில் தாள்களோடு நின்றிருந்தேன். அந்த நாற்றம் என் தொண்டைவரை வந்தது. செத்த எலி கிடக்கிற அறையைத் திறந்த மாதிரி. டீச்சருடைய முகம் அதற்கு நான்கு விரல் தூரத்தில் இருந்தது. மூக்கு சுருங்கவில்லை. கண் சிமிட்டவில்லை. ரோஸ் வாட்டர் என்று சொன்ன அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. இந்த அம்மாவுக்கு வாசனையே தெரியாது.

"கறி நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர், எல்லோருக்கும் கேட்கும்படி. "வாடை உன் கையில இருந்து வருது. இதை ஏன் தொட்டே?"

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மரகதம் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், எனக்கு மூக்கு இருக்கிறது, நான் சொல்வேன் என்று பார்த்தாள். நான் கையிலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தேன். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

டீச்சர் கறியில் இஞ்சி, பூண்டு, மிளகு, வினிகர் எல்லாம் தாராளமாகப் போட்டார். எண்ணெயைக் கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னிறமாக வந்த கட்லட்டுகளைத் தட்டுத் தட்டாக அனுப்பினார்கள். மசாலா மணத்தில் மற்றது அமுங்கிவிட்டது. ஜனங்கள் சாப்பிட்டார்கள். இன்னும் கேட்டார்கள். எனக்குக் கொடுத்ததைக் கைக்குட்டையில் சுற்றி, மேடைக்குப் பின்னால் போய் வேலியோரம் எறிந்தேன். எறிந்துவிட்டுத் திரும்பி வந்து, வரிசையில் நின்றவர்களுக்குச் சமையல் குறிப்பை விநியோகித்தேன். அப்போது பள்ளி வாட்ச்மேனின் மகள், ஐந்து வயதுப் பெண், இரண்டு கையிலும் ஒவ்வொரு கட்லட்டை வைத்துக்கொண்டு என்னைக் கடந்து ஓடினாள். பிடித்து நிறுத்தியிருக்கலாம். என் கை நீளவில்லை.

சாயங்காலத்துக்குள் காலனியில் வீட்டுக்கு வீடு வாந்தி. மறுநாள் பெரும்பாலோர் எழுந்துவிட்டார்கள். வாட்ச்மேன் மகளை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றி, ஐந்து நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள்வரை டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் நான் ஆபீசுக்குப் போய் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் சங்கக் கூட்டம் நடந்தது. டீச்சர் அழுதார். "அன்னிக்கே சொன்னேன், அந்தப் பொண்ணு கையை எதுலயும் வைக்கக் கூடாதுன்னு. தூக்கைத் திறந்து கையை விட்டிருக்கா. எல்லாரும்தான் பார்த்தீங்களே" என்றார். எல்லோரும் பார்த்தோம் என்றார்கள். மரகதத்தை இனிச் சங்கத்தின் எந்த நிகழ்ச்சியிலும் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். அதை நான்தான் டைப் அடித்தேன். எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன்.

ஒரு மாதம் கழித்து அடுத்த வகுப்புக்கான குறிப்பை வாங்கிக்கொள்ள டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தீய்ந்த நாற்றம் அடித்தது. உள்ளே ஸ்டவ்வில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்தேன்.

"உங்களுக்கு வாசனை தெரியாதா டீச்சர்?"

அவர் பேப்பரை மடித்தார். பதறவில்லை. "டைஃபாய்ட் வந்தப்போ போச்சு. பத்து வருஷம் ஆகுது. வாசனை தெரியாதவகிட்ட யாரும்மா சமையல் கத்துக்க வருவாங்க?"

"அப்போ மரகதம்?"

"அவ எங்கேருந்து வர்றா, வீட்டுக்காரர் என்ன வேலைன்னு அவளே சொன்னாளே." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க சங்கத்துல பாதிப் பேருக்கு அவ பக்கத்துல நின்னு மாவு பிசையப் பிடிக்கல. நான் சேர்த்துட்டிருந்தா வகுப்பு காலியாயிருக்கும். நீங்க வாயால சொல்ல முடியாததை நான் மூக்கால சொன்னேன். அவ்வளவுதான்."

"அந்தக் குழந்தை செத்துப்போயிருந்தா?"

"சாகலயே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, கிட்டத்தட்ட அன்போடு சொன்னார்: "நீ யார்கிட்டயும் சொல்லமாட்டே. எனக்கு வாசனை தெரியாது, அதான் நல்லா இருக்குன்னு சொன்னேன். உனக்குத் தெரிஞ்சுது. உன் கட்லட்டை வேலியோரம் எறிஞ்சதைப் பார்த்தேன். மத்தவங்க திங்கறதையும் நீ பார்த்துக்கிட்டுத்தான் இருந்தே."

அடுத்த வாரக் குறிப்பை எடுத்து நீட்டினார். முறுக்கு பிழிவது எப்படி. நான் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். பேசாமல் வாங்கிக்கொண்டு வந்ததை நினைத்தால்தான், அந்த அம்மாவை நினைப்பதைவிட எனக்கு அதிகம் குமட்டுகிறது.

பிறகு அவர் ஏழெட்டு வருடம் வகுப்பு எடுத்தார். எழுபதுகளில் பல்லாவரத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு திருவிழாவிலும் மேடையில் அவர் இருந்தார், கையை நீட்டச் சொல்லி மோந்து பார்த்தார், ஜனங்கள் ரசித்தார்கள். இறந்தபோது சங்கத்தில் படம் மாட்டினார்கள். நான் கட்லட் திருவிழா நடந்த வருடமே துணைச் செயலாளர் வேலையை விட்டிருந்தேன். ஆபீஸில் வேலை அதிகம் என்று காரணம் எழுதிக்கொடுத்தேன். உண்மைக் காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒருவரிடம் மட்டும் சொல்லப் போனேன். டீச்சர் வீட்டிலிருந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குரோம்பேட்டையில் இறங்கி, விசாரித்து விசாரித்து மரகதத்தின் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீடு. வாசலில் அவள் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து பாய் போட்டாள்.

"டீச்சருக்கு வாசனையே தெரியாது மரகதம்" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள். "ஒரு நா கருவாடு ஆஞ்ச கையோட வந்தேன். வேணும்னேதான் வந்தேன். அன்னிக்கும் தோல்னுதான் சொன்னாங்க."

"ஏன் சொல்லலை?"

"யாருகிட்ட?"

"நான் சங்கத்தில் சொல்லிடறேன். தீர்மானத்தை மாத்தச் சொல்றேன்" என்றேன்.

"வாணாம்க்கா. சொல்ற அன்னிக்கு நீங்க சொல்லல. இப்ப இன்னாத்துக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. "அந்த வாட்ச்மேன் பொண்ணு இப்ப நல்லா கீதா? ஆஸ்பத்திரில ரெண்டு வாட்டி போய்ப் பார்த்தேன். அப்புறம் போவ முடியல."

நான் ஒரு தடவைகூடப் போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இருக்கா" என்றேன். எனக்கு அதுவும் தெரியாது.

உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளர். ஏலக்காய் போட்டிருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அந்தச் சமயத்தில் காற்று திசை மாறி, கம்பெனியில் தோல் ஊறுகிற நாற்றம் தெருவெங்கும் வந்தது. அந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்கு அது தினமும் வருகிற காற்று. என் இடது கை தானாக எழுந்து முந்தானையை மூக்கில் வைத்தது. வைத்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. எடுப்பதற்குள் மரகதம் பார்த்துவிட்டாள்.

என் கையிலிருந்து டம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"கிளம்புங்கக்கா. ட்ரெயின் வந்துடும்" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அவள் வாசலில் நின்றபடி அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.